மதரஸாவுக்கு எந்தக் கணிப்பொறி?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் "மதரஸா மாடி அறையில் கணிப்பொறி வகுப்பு" என்று ஒரு வரி இருக்கின்றது. பத்துப் பிள்ளைகள் அமரக்கூடிய வகுப்பு. முற்பகலில் பெண்களுக்கு, மாலையில் பள்ளி மாணவர்களுக்கு என ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். இதற்கென இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. ஒன்று, நாம் எல்லோரும் கண்டு பழகிய மேசைக் கணிப்பொறி. மற்றொன்று, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் செயலி பொருத்திய, உள்ளங்கை அகலமே உள்ள சிறிய பெட்டி. கடைக்காரர்கள் அதனை மினி பி.சி. என்கிறார்கள். இரண்டில் எது என்பதை ஆய்ந்து சொல்லுமாறு நிர்வாகம் நம்மிடம் ஒப்படைத்தது. ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் வாட் கணக்கைக் கேட்கிறார்களே என்று சிலர் புன்னகைத்தார்கள். புன்னகைக்கட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதன் பலனை நாம் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறோம். அதனைச் சொல்லிவிட்டே செயலிக்கு வருவோம்.

2012ஆம் ஆண்டு. நாம் இவ்வூரில் பணியேற்ற தொடக்கக் காலம். வெளிநாட்டில் தொழில் செய்துவந்த நல்லுள்ளம் கொண்ட ஒரு சகோதரர், ஓர் அலுவலகத்தில் கழித்துவிடப்பட்ட ஆறு கணிப்பொறிகளை விலைக்கு வாங்கி நம் ஜமாஅத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அத்தனையும் பென்டியம் 4. திரைகளோ பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்ற கனத்த கண்ணாடிக்குழல் திரைகள். "இலவசமாக வருவதை ஏன் மறுக்க வேண்டும்?" என்று மஷூராவில் முதலில் சொன்னவர் நாமே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். மட்டும் வாங்கினோம். மாடியில் வகுப்பு தொடங்கியது.

அந்த ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை இங்கிருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் ஓரிரு மணி நேரத்தோடு நின்ற மின்வெட்டு, தென்மாவட்டங்களில் பல நாள்களில் 12 மணி நேரத்தையும் தாண்டியது. ஊத்துமலைப் பக்கமும் கயத்தாறு பக்கமும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆனி, ஆடியில் அவை சுழல்கின்ற வரை ஓரளவு மின்சாரம் இருக்கும். காற்று ஓய்ந்ததும் வெட்டு கூடிவிடும். விசைத்தறித் தொழிலாளி ஒருவருடைய மகள், நம் மாடி அறையில் அமர்ந்து கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். மறுநாளே கடைசி நாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது மின்சாரம் போனது. யு.பி.எஸ். கீச்சிட்டது. நான்கு நிமிடம் தாங்கியிருக்கலாம். எல்லாம் அணைந்தது. மாலையில் மின்சாரம் வந்தது, இணைப்பு வரவில்லை. மறுநாள் அவர் தந்தையோடு சங்கரன்கோவிலுக்குப் போய், அங்கும் கூட்டத்தில் நின்று, வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் தந்தை நம்மைப் பார்த்து, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதைவிட அவர் நம்மிடம் சண்டையிட்டிருக்கலாம்.

அன்று எல்லோரும் மின்வெட்டைத்தான் குறை கூறினோம். பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, குற்றத்தில் ஒரு பங்கு நம் மாடியிலேயே இருந்தது தெரிந்தது. அந்தப் பெட்டியும் கண்ணாடிக்குழல் திரையும் சேர்ந்து ஏறக்குறைய 180 வாட் இழுத்தன. சிறிய யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள ஒரு சின்ன பாட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. புதிதாக இருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு மேல் அது தாங்காது. ஓராண்டு வெயிலில் கிடந்த பிறகு நான்கு நிமிடம் தாங்கியதே பெரிது. அதே பாட்டரியில் 30 வாட் இழுக்கும் ஒரு கருவியை மாட்டியிருந்தால், அந்தப் பெண் விண்ணப்பத்தை முடித்து, அச்சுப்படி எடுக்க முடியாவிட்டாலும், "சமர்ப்பி" என்ற பொத்தானையாவது அழுத்தியிருப்பார்.

பென்டியம் 4 ஏன் அவ்வளவு மின்சாரம் தின்றது? செயலி என்பது கணிப்பொறியின் மூளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதே வேகம் என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். மின்னழுத்தம் கூடினால் செலவாகும் மின்சாரமோ அதன் வர்க்க அளவில் கூடும். ஆகவே வேகம் கொஞ்சம் ஏறினால் செலவு மளமளவென்று ஏறும். ஆடிக்காற்றில் எதிர்முகமாக மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். மெதுவாக மிதித்தால் வீடு போய்ச் சேரலாம். இரு மடங்கு வேகத்தில் போவேன் என்று மிதித்தால் இரு மடங்கு மூச்சு போதாது. ஊர் எல்லையிலேயே இறங்கித் தள்ள வேண்டிவரும்.

இன்டெல் நிறுவனத்துக்கும் அதுதான் நேர்ந்தது. 2004இல் வந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4க்கு வெப்ப வரம்பு 115 வாட். 4 கிகாஹெர்ட்ஸ் செயலி வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அதே ஆண்டு அக்டோபரில் அது வராது என்று அறிவித்தார்கள். சூடு தாங்கவில்லை. மடிக்கணிப்பொறிக்கென்று மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்குமாறு வடிவமைத்திருந்த வேறொரு செயலி மரபை எடுத்து, அதிலிருந்து மேசைக் கணிப்பொறிக்கு உரியதை உருவாக்கினார்கள். 2006இல் வந்த கோர் 2 டுயோ, 65 வாட் வரம்புக்குள் நின்றுகொண்டே பழையதை வேகத்தில் முந்தியது. சிக்கனமாக வாழப் பழகிய வீட்டுப் பிள்ளையே பெரிய வீட்டையும் நிர்வகிக்கும் நிலை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அன்பளிப்பாக வந்தவை இந்த மாற்றத்துக்கு முந்திய தலைமுறை. அலுவலகங்கள் ஏன் அவற்றைக் கழித்தன என்று நாம் அப்போது கேட்கவில்லை.

மின்சாரம் நிலையில்லாத ஊருக்குக் கணிப்பொறி எப்படி இருக்க வேண்டும் என்று அந்நாளில் யாருமே சிந்திக்கவில்லையா என்றால், நம் தமிழ்நாட்டிலேயே சிந்தித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறையைக் கொண்டு, 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அம்மையங்களை நடத்தியவர்களுக்குக் கணிப்பொறியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. மின்சாரம் போனால் ஓட்டுவதற்கான பாட்டரி ஏற்பாட்டையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்தே கொடுத்தார்கள். 2006இல் இன்டெல் நிறுவனம், இந்தியக் கிராமங்களுக்கென்றே ஒரு சமுதாயக் கணிப்பொறியை அறிமுகம் செய்தது. புழுதி நுழையாமல் வடிகட்டி, கடும் வெயிலைத் தாங்கும் அமைப்பு, மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் வாகன பாட்டரியில் ஓடும் வசதி எல்லாம் அதில் இருந்தன. 100 வாட்டுக்குள் நிற்பதையே அன்று சாதனையாகச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் குறைந்த மின்சாரச் செயலி என்று எழுதியிருப்பதை யோசிக்காமல் வாங்கிவிடலாமா? அங்கேயும் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2008இல் இன்டெல் ஆட்டம் என்ற செயலி வெளிவந்தது. மேசைக்கு உரிய ஆட்டம் 230இன் வெப்ப வரம்பு நான்கே வாட். நாம் ஓதிய மதரஸாவின் நூலகத்துக்கு, புத்தகப் பட்டியலைப் பதிவு செய்வதற்காக அந்த வகைக் கணிப்பொறிகளை வாங்கினார்கள். நூலகப் பொறுப்பாளர் காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினாலும் திரை தயாராக இராது. அரபு, தமிழ் எழுத்துருக்களோடு ஒரு பட்டியலைத் திறந்தால் சுட்டி அசையாது. ஆறே மாதத்தில் அவர் பழைய அட்டைப் பட்டியலுக்கே திரும்பிவிட்டார். கட்டளைகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் எளிய அமைப்பு அந்தச் செயலிக்கு. ஒன்று காத்து நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் பையைத் தேடினால் வரிசை முழுவதும் நிற்பதைப் போல.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்தச் செயலியைப் பொருத்தி வந்த இன்டெல் தாய்ப்பலகை ஒன்றில், செயலியின் மேல் விசிறியே இல்லை. பக்கத்தில் இருந்த துணைச் சில்லின் மேல்தான் விசிறி சுழன்றது. ஏனென்றால் செயலிக்கு 4 வாட். துணைச் சில்லுக்கோ 22 வாட். மாப்பிள்ளை எளிமையானவர், உடன் வந்த தோழரோ பெருந்தீனிக்காரர்! பெட்டியின் மேல் எழுதியிருக்கும் செயலியின் வாட்டைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதை நாம் அங்கே கற்றோம். சுவரில் மாட்டும் செருகியின் வழியாக மொத்தம் எவ்வளவு போகிறது என்பதே கேள்வி.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்; நமக்கு வந்துள்ள விலைப்புள்ளியிலும் அதுதான் இருக்கின்றது. நான்கு உள்ளகங்கள், 6 வாட் வரம்பு. வரிசையில் ஒருவர் தாமதித்தால் அடுத்தவரைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும் அறிவு இதற்கு உண்டு. துணைச் சில்லின் வேலையும் செயலியோடு சேர்ந்துவிட்டது. வேகத்தில் 2015இல் வந்த ஐ5 மேசைக் கணிப்பொறியோடு ஏறக்குறைய ஒப்பிடத்தக்கது. சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருப்பதால், பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. தட்டச்சு, கணக்குத்தாள், இணையம், விண்ணப்பங்கள், ஒலி ஒளிப் பாடங்கள் ஆகியவற்றுக்கு இது தாராளம். ஓய்வில் இருக்கும்போது பெட்டி முழுவதற்கும் 10 வாட்டுக்குள் போதும். வேலை ஏறினால் 20, 25 வாட். நம் மாடி வகுப்புக்குச் சராசரியாக 12 வாட் என்று எடுத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியின் செயலி, ஆர்ம் என்னும் மரபைச் சேர்ந்தது. அதன் முதல் சில்லு 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சோதிக்கப்பட்டது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்தபோது கருவி பூஜ்யம் காட்டியது. ஆனால் சில்லோ வேலை செய்துகொண்டிருந்தது. பார்த்தால், மின் இணைப்பையே கொடுக்க மறந்திருந்தார்கள். மற்றக் கம்பிகளின் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்ததாம்! அந்தச் சிக்கனமே பின்னாளில் உலகத்தின் கைப்பேசிகளையெல்லாம் அந்த மரபின் கையில் கொடுத்தது.

இனி, கடைக்காரர் ஒருவர் நம் பொருளாளரிடம் சொன்ன மூன்றாவது வழி ஒன்று இருக்கின்றது. "வழக்கமான செயலியையே வாங்குங்கள், பெயரின் இறுதியில் 'டி' என்ற எழுத்து உள்ளதை வாங்கினால் மின்சாரம் பாதி" என்றாராம். இது பாதி உண்மை. 2022இல் வந்த ஐ5 12400 என்ற செயலிக்கு அடிப்படை வரம்பு 65 வாட். 12400டி என்பதற்கு 35 வாட். எண்கள் சரியே. ஆனால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. "டி" எழுத்து உள்ளதற்குக் கடிவாளம் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவும் அவசரத்துக்குச் சிறிது நேரம் 74 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. ஓய்வில் நிற்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வகுப்பறைக் கணிப்பொறி தன் வாழ்நாளில் பெரும்பகுதி ஓய்விலேயே நிற்கிறது. பிள்ளை ஓர் எழுத்தை அடித்து அடுத்த எழுத்தைத் தேடும் இடைவெளியில் செயலி தூங்கி எழுந்துவிடுகிறது. ஆகவே கடிவாளத்துக்கென்று கூடுதல் விலை கொடுத்தால், வேகத்தை இழப்போம். மின்கட்டணத்தில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்த மாட்டோம். சிறிய பெட்டிக்குள் அடைக்கும்போது சூடு கட்டுக்குள் நிற்க அது உதவும். அதற்கு மேல் அதில் புதுமை இல்லை.

மின்கட்டணம் என்றதும் ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சிறிய பெட்டியை ஆதரித்துப் பேசுகிறவர்கள், "கரண்ட் பில் மிச்சம்" என்பதையே முதலில் சொல்கிறார்கள். நாம் கணக்கிட்டோம். இக்கால வழக்கமான மேசைக் கணிப்பொறி வகுப்பு வேலையில் சராசரியாக 45 வாட் என்று வைத்தால், வேறுபாடு 33 வாட். பத்துப் பெட்டிகளுக்கு 330 வாட். நாளைக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 412 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3,300 ரூபாய். ஜமாஅத் பணம் ஒரு ரூபாயானாலும் அமானத்தே; வீட்டுக்கு வீடு சந்தாவாகச் சேர்ந்தது அது. ஆனாலும் இந்த 3,300 ரூபாய்க்காக மட்டும் ஒன்றை விட்டு ஒன்றை வாங்குங்கள் என்று சொன்னால், அது மிகைப்படுத்தல் ஆகும்.

பாட்டரிக் கணக்கு வேறு. 2012இன் மின்வெட்டு இன்று இல்லை, உண்மை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலையில் போனால் பிற்பகல்வரை வருவதில்லை. மழைக்காலத்தில் மாலை நேரத்து இடி மின்னலுக்கு எத்தனை முறை போகும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. முற்பகல் வகுப்பும் மாலை வகுப்பும் சரியாக அந்த நேரங்களிலேயே இருக்கின்றன.

இன்வெர்ட்டரோடு 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பாட்டரி இரண்டு வைப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 3,600 வாட் மணி. இந்த எண்ணையும் நம்பிவிடக் கூடாது. 150 என்று எழுதியிருப்பது, 20 மணி நேரத்தில் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அவசரமாக இழுத்தால் குறையும். இன்வெர்ட்டரில் ஒரு பகுதி சூடாகப் போகும். முழுவதும் வற்றவிட்டால் பாட்டரி சீக்கிரம் சாகும். ஆகவே பாதியைத்தான், அதாவது 1,800 வாட் மணியைத்தான் நாம் கணக்கில் கொண்டோம். எல்.இ.டி. திரைக்கு 20 வாட், அறையின் விளக்கும் விசிறியும் சேர்த்து 100 வாட். வழக்கமான கணிப்பொறி பத்து ஓடினால் மொத்தம் 750 வாட். இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. சிறிய பெட்டிகள் பத்து ஓடினால் 420 வாட். நான்கு மணி நேரத்தைத் தாண்டும். பெரிய பெட்டிகளைக் கொண்டு அதே நான்கு மணி நேரம் வேண்டுமென்றால், இன்னும் இரண்டு பாட்டரி வாங்க வேண்டும். ஒன்று 15,000 ரூபாய் என்று கொண்டால் 30,000 ரூபாய். அது ஒருமுறைச் செலவு அன்று. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். பத்துப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் தொடக்கும்போது ஏறும் சுமைக்கு இன்வெர்ட்டரும் பெரிதாக வேண்டும். குறைந்த மின்சாரச் செயலியின் உண்மையான இலாபம் மின்கட்டண அட்டையில் இல்லை. படிக்கட்டுக்கு அருகில் வைக்கப்போகும் அந்தப் பாட்டரிகளில் இருக்கின்றது.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். கணிப்பொறிக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகவே வெளியேறும். சித்திரை, வைகாசியில் நம் மாடித் தளம் எப்படிக் கொதிக்கும் என்பதை மக்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அதில் பத்துப் பெட்டிகளின் 450 வாட் சூட்டையும் சேர்த்து, பிள்ளைகளை அமரச் சொல்வது முறையா? மேல்காற்றுக் காலத்துப் புழுதி விசிறிக்குள் அப்பிக்கொண்டால் சூடு இன்னும் கூடும். சிறிய பெட்டிகளில் விசிறியே இல்லாத வகையும் கிடைக்கிறது. புழுதியை உள்ளே இழுக்க அதில் எதுவும் இல்லை. கீழே ஓதல் நடக்கும்போது மேலே இரைச்சலும் இராது.

இனி மறுபக்கம். நம் பொருளாளர் அவர்கள் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. அதை நாம் தள்ளிவிட முடியாது. "வழக்கமான கணிப்பொறியில் எது கெட்டாலும் சங்கரன்கோவில் கடையில் அந்த உறுப்பை மட்டும் மாற்றிவிடலாம். மின்வழங்கி போனால் மின்வழங்கி, நினைவகம் போனால் நினைவகம். இந்தச் சிறிய பெட்டியில் செயலியைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். பலகை போனால் பெட்டியே போச்சு, ஹஜ்ரத்!" என்றார். உண்மை. நாமும் விசாரித்தோம். எஸ்.எஸ்.டி.யை மாற்றலாம், பெரும்பாலானவற்றில் நினைவகத்தை மாற்றலாம், வெளியே இருக்கும் மின் அடாப்டரை மாற்றுவது எளிது. பலகையை மாற்றுவது ஏறக்குறையப் புதிது வாங்குவதற்குச் சமம். இதற்கு நமக்குத் தோன்றும் பரிகாரம், பத்து இருக்கைக்குப் பதினொன்று வாங்கி ஒன்றை அலமாரியில் வைப்பதுதான். உத்தரவாதச் சேவை எந்த ஊரில் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். திருநெல்வேலியில் இருந்தால் போய் வரலாம். பெயர் தெரியாத நிறுவனத்தின் பெட்டியை இணையத்தில் மலிவாக வாங்கிவிட்டு யாரைத் தேடுவது?

அன்பளிப்பாகப் பழைய கணிப்பொறி தர இவ்வாண்டும் இரண்டு சகோதரர்கள் முன்வந்துள்ளார்கள். அவர்கள் எண்ணம் உயர்வானது. ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத ஏராளமான கணிப்பொறிகளை நிறுவனங்கள் இப்போது கழிக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம், தவறில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் நிலையாக இருக்க வேண்டும். பெட்டியின் வயதையும் செயலியின் பெயரையும் கேட்காமல் இனி ஒன்றையும் ஏற்பதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தால், கொடுப்பவர் மனம் நோகாமல் சொல்லும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

நம் இளைஞர் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். சிறிய பெட்டிகள் 12 வோல்ட் அடாப்டரில்தானே ஓடுகின்றன, பாட்டரியும் 12 வோல்ட்தானே, நடுவில் இன்வெர்ட்டர் எதற்கு என்று. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. 2006இன் சமுதாயக் கணிப்பொறியும் இதே எண்ணத்தில் பிறந்ததே. ஆனால் 12 வோல்ட் பாட்டரி 12இலேயே நிற்பதில்லை. மின்னேற்றும்போது 14ஐத் தாண்டும், தீரும்போது 11க்குக் கீழே இறங்கும். அதைச் சீராக்கித் தரும் கருவி இடையில் வேண்டும். சூரிய ஒளித் தகடு பொருத்தும் திட்டம் வருமானால், செய்யத் தெரிந்தவரைக் கொண்டு அப்போது பார்க்கலாம்.

எல்லா வேலைக்கும் சிறியதே போதுமா என்றால், போதாது. நீங்கள் கையில் வைத்துப் படிக்கப்போகும் இந்த ஆண்டு மலரைப் பக்கம் அமைப்பதும், மீலாது நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை வெட்டி ஒட்டுவதும் நீண்ட நேரம் முழு மூச்சில் ஓட வேண்டிய வேலைகள். அங்கே வேகமான செயலி வேலையைச் சீக்கிரம் முடித்து ஓய்ந்துவிடும். சிறியதோ மணிக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். ஜமாஅத் அலுவலகத்துக்கு வழக்கமான கணிப்பொறி ஒன்று, "டி" எழுத்து இல்லாதது; வகுப்புக்குச் சிறிய பெட்டிகள் பதினொன்று; இரண்டு பாட்டரி. இதுவே நம் கருத்து. மறுப்பவர்கள் மஷூராவில் தாராளமாகச் சொல்லலாம். நம் 2012ஆம் ஆண்டுக் கருத்தையும் அன்று யாராவது மறுத்திருக்க வேண்டும்.

கொள்முதல் செய்வதற்கு முன்பு ஒரு வேண்டுகோள். சுவர்ச் செருகிக்கும் கருவிக்கும் இடையில் மாட்டி வாட்டைக் காட்டும் சிறிய அளவி ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. நாம் ஒன்று வாங்கி வைத்துள்ளோம். கடைக்கு இருவர் போகும்போது அதனைக் கொண்டு செல்லுங்கள். பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தமிழில் நாமே தட்டச்சு செய்து, ஒரு பாடக் காணொளியை ஓட்டி, அளவி காட்டும் எண்ணைக் குறித்து வாருங்கள். நாம் இங்கே சொன்ன 12 வாட்டும் 45 வாட்டும் கணிப்புகளே. உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்வோம்.

படிக்கட்டின் கீழே அந்தப் பழைய ஆறு பெட்டிகளும் கண்ணாடிக்குழல் திரைகளும் இன்னும் கிடக்கின்றன. பாட்டரி வைக்கும் இடம் அதுதான். அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். அந்தக் குழல்களில் ஈயம் இருக்கிறது. உடைத்தால் பிள்ளைகள் ஓதும் இடத்தில் தூசாகப் பரவும். மின்னணுக் கழிவுக்கென்று 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு இளைஞர்கள் நால்வர் நின்றால், இன்றே அவற்றை வெளியே எடுத்து எண்ணி எழுதிவிடலாம்.

வஸ்ஸலாம்.